துவர்ப்புக்கு வாசனை கிடையாது

அந்த வியாழக்கிழமை மதியம் நடந்தது, வரிசைப்படி:

1. பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்து சிவப்பு ஒயின் பாட்டில்களைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் வெப்பநிலை பார்த்தேன். ஐந்தும் பதினேழு டிகிரி. திருப்தி.

2. ஒன்றே காலுக்கு முதலாளி குடும்பத்தார் நாலு பேர் கடலைப் பார்த்த மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாவது ஆள் எங்கள் மேலாளர்.

3. வஞ்சிர மீன் குழம்பு வந்தது. அதற்கு ஜோடியாக நான் தேர்ந்தெடுத்த ஒயின் ஊற்றப்பட்டது. இரண்டு நிமிடம் பேசினேன். நாவல்பழம், கிராம்பு, புதிதாகச் சீவிய பென்சில் என்றேன். எல்லோரும் கிளாஸுக்குள் மூக்கை விட்டுத் தலையாட்டினார்கள்.

4. முதலாளியின் அக்கா ஒரு வாய் மீன் சாப்பிட்டார். ஒரு வாய் ஒயின் குடித்தார்.

5. கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

6. "துருப்பிடிச்ச ஆணியைச் சப்பின மாதிரி இருக்கே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

7. மேலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க இதைக் குடிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

8. "இல்லை சார். மோந்து பார்த்தேன்."

9. "மீனோட?"

10. "நான் மீன் சாப்பிட மாட்டேன் சார்."

11. முதலாளியின் அக்கா தண்ணீர் கேட்டார்.

மது குடிக்காத, மீன் சாப்பிடாத ஒரு பெண்ணிடம், மீனுக்கு ஏற்ற சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யார் பொறுப்பு கொடுப்பார்கள் என்று கேட்கலாம். அன்று மேசையில் இருந்தவர்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. என் மூக்கு.

எங்கள் ஹோட்டல் திருவிடந்தை தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால், ஈசிஆரிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக உள்ளே போனால் வரும். பொத்தேரியில் விடுதியில் தங்கி நாலு வருடம் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இங்கே தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். வீடு செங்கல்பட்டில். காலை ஆறரை பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஹோட்டல் வேன். வேலை என்னவென்றால் தண்ணீர் பரிசோதனை, ஃப்ரிட்ஜ் வெப்பநிலை, சமையல்காரர்களின் நகம். தண்ணீர் பரிசோதனையில் நல்ல முடிவு என்றால் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தினமும் கையெழுத்துப் போடுவதற்கு நாலு வருடப் படிப்பு கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் ஒரு விருந்தாளி, தனக்குக் கொடுத்த மெர்லோ என்ற சிவப்பு ஒயினைத் திருப்பி அனுப்பினார். ஜாம் மாதிரி இருக்கிறதாம். பாரில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான கேப்டன் அதைக் கொண்டுவந்து கிச்சன் மேடையில் வைத்தார். கோவளத்துக்காரர், நாற்பது வயது, வீட்டில் படகு உண்டு. யாரையும் எதற்காகவும் பாராட்டாதவர்.

"புது பாட்டிலு மேடம். இப்பதான் தொறந்தேன். அந்தாளுக்கு இன்னா பேஜாரோ தெரில."

நான் மோந்து பார்த்தேன். ஜாம்தான். அதுவும் அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன ஜாம். அலமாரியிலிருந்து இன்னும் மூன்று பாட்டில் திறக்கச் சொன்னேன். மூன்றிலும் அதே வாசனை. பிறகு அலமாரியைப் பார்த்தேன். ஐஸ் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. ஐஸ் மெஷின் முன்பக்கம் ஐஸ் கொடுக்கும். பின்பக்கம் அனல் விடும். அங்கே ஒரு தெர்மாமீட்டரை மூன்று நாள் தொங்கவிட்டேன். முப்பத்து மூன்றுக்குக் கீழே அது இறங்கவே இல்லை.

"லேபிள்லயே எழுதிக்கீதே மேடம், ரூம் டெம்பரேச்சர்ல குடுங்கன்னு" என்றார் கேப்டன்.

"எந்த ஊர் ரூம் அண்ணா?"

அவர் யோசித்தார். லேபிள் எழுதியவர் வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய அறை பதினேழு டிகிரி. எங்கள் ஹோட்டலில் மீன் ஃப்ரிட்ஜுக்கு வெளியே பதினேழு டிகிரி உள்ள இடம் கிடையாது. ஒயினுக்குள் இருக்கும் பழ வாசனைகள் இந்தச் சூட்டில் வெந்துவிடும். மிஞ்சுவது சாராய நெடியும் ஜாமும்தான்.

அலமாரி இடம் மாறியது. ஒயினுக்கென்று தனியாக ஒரு குளிர்பெட்டி வந்தது. எனக்கு "மூக்கு மேடம்" என்று பெயர் வந்தது. முன்பிருந்த ஒயின் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். மேலாளர் கூப்பிட்டார்.

"ரெட் ஒயின் பட்டியலை நீங்களே போடுங்க. அஞ்சு போதும். முதலாளி குடும்பத்துக்கு ஒரு மதியச் சாப்பாடு வைக்கிறோம், நம்ம கடற்கரை மெனு. அது நல்லா போச்சுன்னா பானப் பிரிவுல உங்களை நிரந்தரமா போட்டுடறேன். இல்லேன்னா தண்ணி டெஸ்ட் இருக்கவே இருக்கு."

தண்ணீர் டெஸ்ட் இருக்கவே இருக்கும் என்பதுதான் எனக்குப் பயம்.

அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் விஷயத்தைத் தள்ளிப்போட்டால் அது பெரிதாகும். அப்பாவுக்கு ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயிலில் மடைப்பள்ளித் தளிகை வேலை, அதாவது பெருமாளுக்குப் படைக்கும் சாப்பாடு எல்லாம் அவர் கையில்தான் ஆகும். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பேருமே விதிமுறைகளை விரும்புகிறவர்கள். அந்த விருப்பம் எனக்கும் வந்திருக்கிறது.

"ஒயின்னா என்னடி, கள்ளா?" என்றாள் அம்மா.

"திராட்சைம்மா."

"புளிச்ச திராட்சை."

"ஆமாம்."

"நீ குடிக்கணுமா?"

"மோந்து பார்த்தா போறும்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தாள். "மோந்துக்கோ. தொண்டைக்குள்ள ஒரு சொட்டு இறங்கப்படாது. இந்த ஆத்துல பெருமாளுக்குத் தளிகை பண்ற கை இருக்கு." பிறகு, கொஞ்சம் பெருமையாகவே, "உங்கப்பா மூக்கு உனக்கு வந்திருக்கு, என்ன பண்றது" என்றாள்.

இங்கே அப்பாவின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மடைப்பள்ளியில் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. முதல் வாய் பெருமாளுக்கு. அப்புறம்தான் மனிதர்களுக்கு. அப்படியானால் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மூக்கால். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அத்தை சொல்வாள், சித்தப்பா சொல்வார், அண்டாவிலிருந்து எழும் ஆவியை ஒருமுறை இழுத்தால் அப்பா "ஒரு கை குறையறது" என்பாராம். அப்பாவின் புளியோதரையில் ஒரு நாளும் உப்பு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தேன். கல்லூரி முதல் வருடத்தில் அறைத்தோழிகளிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஆக, ருசிக்காமல் ருசியைத் தீர்மானிப்பது எனக்கு விசித்திரமாகவே தோன்றவில்லை. பரம்பரைத் தொழில்.

ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் "சிவப்பு ஒயினின் ருசி யார் கையில்?" என்று எழுதி, சந்தேகத்துக்குரியவர்களைப் பட்டியல் போட்டேன். முதல் ஆள், தோல். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு வெளிறித்தான் இருக்கும், நிறம் முழுக்கத் தோலில்தான் என்று படித்தேன். நம்பாமல், திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் கால் கிலோ வாங்கி வீட்டில் சோதித்தேன். பாதியைத் தோலுரித்துப் பிழிந்தேன். இளநீர் நிறத்தில் சாறு வந்தது. மீதியை நசுக்கித் தோலோடு ஒரு டம்ளரில் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அம்மா திறந்து பார்த்தாள்.

"என்னடி இது, ஆத்துலயே ஆரம்பிச்சுட்டியா?"

"ஜூஸ்மா."

"நாளைக்கும் ஜூஸா இருக்குமா?"

மறுநாள் அது நல்ல ஊதா நிறத்தில், கொஞ்சம் கரகரப்பாக, ஜூஸாகத்தான் இருந்தது. அம்மாவே ஒரு வாய் குடித்துவிட்டு, "நாக்குல பிடிக்கறது" என்றாள். அந்த வார்த்தையை நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். நிறத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆள் வெயில். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ராத்திரி குளிர்ந்தால் புளிப்பு கொஞ்சம் தங்கும். அதனால்தான் நாசிக் பக்கம் மேட்டு நிலத்தில் விளைகிற திராட்சை ஒயினுக்கு ஒத்துவருகிறது. செங்கல்பட்டில் விளைந்தால் நேராக ஜாம்தான். மூன்றாவது, சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிற ஈஸ்ட். நான்காவது ஓக் பீப்பாய். உள்பக்கத்தைத் தீயில் வாட்டிய மரம் என்பதால் அதில் கிடக்கிற ஒயினுக்குக் கிராம்பும் வெனிலாவும் புகையும் ஏறும். ஒரே தோட்டத்துத் திராட்சையில், ஸ்டீல் தொட்டியில் இருந்ததையும் பீப்பாயில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோந்தேன். அண்ணன் தம்பி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்தாவது காலம். இது எனக்குப் புதிதாக இல்லை. புதுப் புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள வித்தியாசம் புளியோதரை வீட்டில் பிறந்தவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறாவது ஆள் நாங்கள், ஐஸ் மெஷினுக்குப் பின்னால் அலமாரி வைக்கிறவர்கள்.

ஆறு பேர் பெயரும் எழுதினேன். ஏழாவதாகத் தட்டில் இருக்கும் சாப்பாடு என்று எழுதி, அதன் எதிரில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் அந்த வெற்றிடம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பிறகு பரிமாறுகிறவர்களுக்கு வகுப்பு. மொத்தம் எட்டுப் பேர். ஒயின் புத்தகங்களில் வரும் வாசனைகளில் பாதியை நாங்கள் யாரும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பிளாக் செர்ரி என்றேன்.

"கேக்கு மேல வெப்பாங்களே, அதா மேடம்?" என்றார் ஒருவர்.

"அது செர்ரியே இல்லை. களாக்காயைப் பாகுல ஊறவெச்சுச் சாயம் போட்டது."

வகுப்பில் ஒரு துயரம் பரவியது. எட்டுப் பேரும் சிறு வயதிலிருந்து பிறந்தநாள் கேக்கில் அதை எடுத்துக் கடைசியில் சாப்பிட வைத்திருந்தவர்கள்.

எனவே வாசனைகளை எங்கள் ஊருக்கு மாற்றினேன். பிளாக் செர்ரிக்கு நாவல்பழம். தேவதாரு மரத்துக்குச் சீவிய பென்சில். சுருட்டுப் பெட்டிக்குப் பன்னீர்ப் புகையிலை டப்பா. பழைய தோல் என்று ஒன்று வரும். அதற்கு மழையில் நனைந்த செருப்பு.

கேப்டன் கை தூக்கினார். "கெஸ்ட்டாண்ட போய் செருப்புன்னு சொல்லவா மேடம்?"

"தோல் பைன்னு சொல்லுங்க."

"மூக்குல செருப்பு, வாயில பை. சரி."

அவர் என்னைக் கிண்டல் செய்வதில் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. எனக்குக் கேட்கவில்லை. பாட்டில்களை மோந்து மதிப்பெண் போட்டேன். பீப்பாயில் பதினான்கு மாதம் கிடந்த ஒரு கேபர்னே ஸாவிஞோன் முதலிடம். அடர்த்தியான நிறம், கிளாஸுக்கு வெளியே வந்து வரவேற்கிற வாசனை. கடைசி இடம், ரோஜா நிறத்தைவிடக் கொஞ்சமே கருத்த ஒரு இளம் ஒயின். தோலோடு சில நாட்களே ஊறியது, பீப்பாயைப் பார்க்காதது. ஸ்ட்ராபெரி மிட்டாய் மாதிரி லேசாக ஏதோ, அவ்வளவுதான். முதலிடத்தை முக்கிய உணவான மீன் குழம்புக்குக் கொடுத்தேன். வகுப்பில் முதல் மாணவிக்கு முதல் பெஞ்சு கொடுப்பது போன்ற ஏற்பாடு.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விருந்தினர்கள் போன பிறகு மேலாளர் சத்தம் போடவில்லை. "பத்து நாள் எடுத்துக்குங்க. இன்னொரு தடவை வைப்போம். அக்கா வரேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். கதவுப் பக்கம் போனவர் திரும்பி, "ஆனா அடுத்த தடவையும் ஆணின்னா, எனக்கு வேற வழி இல்லை" என்றார்.

பாரில் கேப்டன் மிச்சம் இருந்த கேபர்னேவையும் ஒரு கிண்ணம் மீன் குழம்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் இது, ஒரு வாய் அது.

"ஆணிதான் மேடம். அக்கா கரெக்டா சொல்லிக்கீறாங்க. காரமும் ரெண்டு பங்கா ஏறுது. வாயே வறண்டு போவுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நீங்க மோந்து பாத்தே முடிச்சிட்டீங்க. மூக்கு மேடம் சொல்லிகினு கீறாங்க, நான் இன்னாத்த சொல்றது?" கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "எங்க வூட்ல மீன் வாங்கறப்போ யாரும் மோந்து பாக்க மாட்டாங்க மேடம். செவுளத் தூக்கிப் பாப்பாங்க, அமுக்கிப் பாப்பாங்க. மூக்குக்கு வந்துச்சுன்னா அப்பவே லேட்டு."

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். மீனின் எண்ணெயும் ஒயினில் இருக்கும் துளி இரும்பும் சேர்ந்தால் அந்த ஆணி வாசனை வாய்க்குள்ளேதான் பிறக்கும். கிளாஸில் இருக்காது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற டானின் எச்சிலின் வழவழப்பைப் பிடித்து இழுத்துவிடும். வாய் வறளும். மிளகாய் மூட்டிய தீயில் அது எண்ணெய் ஊற்றும். இதெல்லாம் ஆறாவது செமஸ்டர் பாடம். டானினுக்கு ஒரு தமிழ்ச் சொல் உண்டு, அறுசுவையில் ஒன்று. துவர்ப்பு. வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு. இவற்றில் எதையாவது யாராவது மோந்து பார்த்துத் துவர்க்கிறது என்று சொல்லிக் கேட்டதுண்டா?

வீட்டுக்கு வந்ததும், அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, ஆவியில உப்பு எப்படித் தெரியறது உங்களுக்கு?"

"எதுல?"

"மடைப்பள்ளியில. மோந்து பார்த்து உப்பு சொல்லுவேளே."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உப்புக்கு ஏதுடி வாசனை?"

கையை விரித்துக் காட்டினார்.

"அளவு இருக்கு. ஒரு மரக்கால் அரிசிக்கு இத்தனை கை உப்பு. எங்கப்பா காலத்துலேர்ந்து அதே மரக்கால், அதே கை அளவு. அதுல எதுக்கு மூக்கு?" என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். "நீ காலேஜ்ல என்ன படிச்சே?"

நியாயமான கேள்வி. உப்பு ஆவியாகாது. ஆவியாகாத பொருளுக்கு வாசனை இல்லை. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடும். நான் உணவுத் தொழில்நுட்பத்தில் முதல் வகுப்பு வாங்கியவள், இருபத்துநாலு வயது வரை இதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. திராட்சைத் தோலை நம்பாமல் கால் கிலோ வாங்கிப் பிழிந்தவள், அப்பாவின் மூக்கை அப்படியே நம்பியிருக்கிறேன்.

சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அப்போ மூக்குன்னு சொன்னதெல்லாம்?"

"யாரோ கேட்டா, சொல்லிண்டிருந்தேன்" என்றார் அப்பா. "மரக்கால்னு சொன்னா சப்புன்னு போயிடறது. மூக்குன்னா கேக்கறவாளுக்கு ஒரு சந்தோஷம்."

"பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கப்பா கிட்ட உங்காத்துல இதைத்தான் சொன்னா. இருபத்தெட்டு வருஷமா நம்பிண்டிருக்கேன்."

"அதனால என்ன இப்போ? உப்பு சரியா இருந்துதோ இல்லையோ?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. இந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று எனக்குப் புரிந்தது.

"அம்மா, வாயில வெச்சுப் பார்க்காம எனக்கு இந்த வேலை நிலைக்காது. முழுங்க மாட்டேன். துப்பிடுவேன். டூத்பேஸ்ட் மாதிரி."

"டூத்பேஸ்ட்ல போதை இருக்கா?"

"துப்பினா இதுலயும் அனேகமா இல்லை." அனேகமா என்பதைத் தெளிவாகவே சொன்னேன். பொய் சொன்னதாக இருக்கக் கூடாது.

பேச்சுவார்த்தை அரை மணி நேரம் நடந்தது. முடிவில் ஒப்புக்கொள்ளப்பட்டவை: முழுங்கக் கூடாது. ஏகாதசியன்றும் புரட்டாசிச் சனிக்கிழமையும் வாயில் வைக்கக் கூடாது. வீட்டுப் படி ஏறுவதற்கு முன் ஹோட்டலிலேயே பல் தேய்த்துவிட வேண்டும். மீனோடு சேர்த்து என்ற பேச்சே கூடாது. அப்பா இந்த அரை மணி நேரமும் நேற்றைய செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "என் காதுல ஒண்ணும் விழலை" என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முதல் வாய். கேபர்னே. நாக்கில் பட்ட அரை நொடி நாவல்பழம். பிறகு ஈறுகளை யாரோ உள்ளிருந்து சுருக்குப் பை போல இழுத்துக் கட்டினார்கள். துப்பினேன். துப்பிய பிறகும் கட்டு அவிழவில்லை. முதல் பெஞ்சில் நான் உட்கார வைத்திருந்தது இதைத்தான். ஐந்தையும் இப்படிப் பார்த்தபோது என் மூக்குப் பட்டியல் கிட்டத்தட்டத் தலைகீழாகியது. எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லாத அந்த வெளிறிய இளம் ஒயின், வாய்க்குள் புளிப்பும் சாறுமாக ஓடி, எதையும் கட்டாமல் போனது.

மீனோடு பார்க்க வேண்டிய பாதி இன்னும் பாக்கி. அதற்குக் கேப்டன் ஒத்துக்கொண்டார். ஏற்பாடு இப்படி: சமையல்காரர் மீன் போடுவதற்கு முன் குழம்பில் ஒரு கரண்டி எனக்கு எடுத்து வைப்பார். அந்தப் புளியும் காரமும் ஒயினோடு எப்படி நடந்துகொள்கின்றன என்று நான் பார்ப்பேன். மீன் போட்ட பிறகு கேப்டன் சாப்பிடுவார். இருவரும் தனித்தனித் தாளில் எழுதி, கடைசியில் சேர்த்துப் பார்ப்போம். பேசிக்கொள்ளக் கூடாது.

"பரீச்ச மாதிரி கீது" என்றார் கேப்டன், தாளைக் கையால் மறைத்துக்கொண்டு.

முதல் நாள் அவர் தாளில் ஐந்து ஒயினுக்கும் சேர்த்து இரண்டு சொற்கள்தான் இருந்தன, ஓகே, பேஜாரு. நாலாவது நாள் "ஆரம்பத்துல ஓகே, மீனு முள்ளாண்ட போறப்போ ஆணி லைட்டா" என்று எழுதினார். இவ்வளவு துல்லியமான குறிப்பை நான் எந்த ஒயின் புத்தகத்திலும் படித்ததில்லை.

எங்கள் தாள்கள் ஒத்துப்போன இடங்கள்: கேபர்னே மீனுக்கு ஆகவே ஆகாது. இளம் ஒயினைக் குளிரவைத்து, பதினாலு டிகிரியில் கொடுத்தால் வஞ்சிரத்துக்குச் சரி. குழம்பில் மிளகாயைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சரி. சமையல்காரர் இதற்கு மட்டும் ஒரு நாள் என்னுடன் பேசவில்லை. கேபர்னேவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் விழித்தபோது, கேப்டன் ஒரு மதியம் ஆட்டுக்கறிச் சுக்காவுடன் அதைக் குடித்துவிட்டு வந்து நின்றார்.

"மேடம், இது கெட்டவன் இல்ல. எடம் தெரியாம நின்னுகினு இருந்தான்."

கறியின் கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொண்டுவிடும். பிறகு எச்சிலைத் தொடாது. அது பாடத்தில் உண்டு. அவர் சொன்ன விதத்தில் இல்லை.

பத்தாவது நாள் மதியம், அதே மேசை. இந்த முறை அக்காவும் மேலாளரும் மட்டும். போன முறை மாதிரி நான் இரண்டு நிமிடம் பேசவில்லை. "இதைக் கொஞ்சம் குளிரவெச்சிருக்கோம் மேடம், மீனோட குடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் ஒரு வாய் மீன் சாப்பிட்டார். ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். அது தள்ளிப் போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. இன்னொரு வாய் மீன், இன்னொரு வாய் ஒயின். மூன்றாவது முறையும் முடிந்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆணி இல்லை" என்றார்.

பார் கவுன்டருக்குப் பின்னால் கேப்டன் ஏற்கனவே துடைத்து முடித்த கிளாஸ் ஒன்றை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுக்காவும் கேபர்னேவும் வந்தபோது அக்கா, "போன தடவை குடுத்ததும் இதுதானே?" என்று கேட்டார். "அதேதான் மேடம்" என்றேன். அவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மேலாளரிடம், "அன்னிக்கு இதைக் குடுத்தது இந்தப் பொண்ணுதான். இன்னிக்கும் இந்தப் பொண்ணுதான். இருக்கட்டும்" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மேலாளர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போதைய நிலைமை இது. பானப் பிரிவில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. தண்ணீர் பரிசோதனைக்கு வேறொருவர் வந்திருக்கிறார். பட்டியலில் ஐந்து சிவப்பு ஒயின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் மீனுக்கு. நான் மோந்து பார்க்கிறேன், வாயில் வைக்கிறேன், துப்புகிறேன், மாலை வேன் ஏறும் முன் பல் தேய்க்கிறேன். மீனைக் கேப்டன் பார்த்துக்கொள்கிறார். அப்பா மரக்காலால்தான் உப்புப் போடுகிறார். கேட்பவர்களிடம் அம்மா இன்னும் மூக்கு என்றுதான் சொல்கிறாள்.